வீடியோவிலிருந்து தெளிவான புகைப்படம் எடுப்பது எப்படி? ஆன்லைனிலேயே செய்யலாம்

எங்கள் தாத்தா கேமராவைப் பார்த்தாலே முகத்தை இறுக்கிக்கொள்வார். அவர் சிரிக்கிற புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஆனால் அவர் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த 47 விநாடி வீடியோ ஒன்று இருந்தது. அதில் 31-வது விநாடியில் நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறார். அரை விநாடிதான், உடனே குனிந்துவிடுகிறார். அந்தச் சிரிப்பை மட்டும் தனிப் படமாக எடுத்து பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது. வழி தெரிந்துவிட்டால் பத்து நிமிட வேலைதான். அதனால்தான் எழுதுகிறேன்.

"ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் முடிந்ததே" என்று தோன்றும். ஸ்கிரீன்ஷாட் என்பது திரையைப் பிடிப்பது, வீடியோவை அல்ல. வீடியோ என்பது வேகமாக ஓடும் தனித்தனிப் படங்களின் வரிசை, அதில் ஒரு படம்தான் ஃபிரேம். 4கே வீடியோவின் ஒரு ஃபிரேம் 3840 பிக்சல் அகலம், 2160 பிக்சல் உயரம். உங்கள் திரை அதில் பாதி அகலம்தான் என்றால் மீதி போய்விடும். போதாததற்கு பாஸ் பட்டன், கீழே ஓடும் கோடு எல்லாம் படத்தில் விழும். நமக்கு வேண்டியது கோப்புக்குள் இருக்கும் ஃபிரேம் அப்படியே.

முதலில் ஒரிஜினல் கோப்பைத் தேடிப்பிடியுங்கள்

என்னிடம் இருந்தது குடும்பக் குழுவில் வந்த பிரதி. அகலம் வெறும் 848 பிக்சல். மெசேஜ் செயலிகள் பெரும்பாலும் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கியதை எந்தத் தளத்தாலும் பழையபடி விரிக்க முடியாது. வீடியோவை எடுத்த சித்தி மகனிடம் கேட்டேன். அவன் போனில் 1920க்கு 1080 அளவில் ஒரிஜினல் பத்திரமாக இருந்தது. வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்கினேன். அப்படி அனுப்பினால் தரம் குறையாது.

அப்புறம் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பும் காட்சி எந்த விநாடியில் வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 30 முதல் 32 வரை. முழு வீடியோவையும் படங்களாக மாற்றவே மாற்றாதீர்கள். 47 விநாடி வீடியோவில், விநாடிக்கு 30 வீதம், 1410 ஃபிரேம்கள் இருக்கின்றன. அவ்வளவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

தளம்

இதற்கு நிறைய தளங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது ஈஸிஜிஃப். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, படத்தின் மேல் முத்திரை குத்துவதில்லை. அதில் 'வீடியோ டு ஜேபிஜி', 'வீடியோ டு பிஎன்ஜி' என்று தனித்தனிப் பக்கங்கள் உண்டு. கோப்பைத் தேர்வு செய்து பதிவேற்றுங்கள். தொடக்க நேரம், முடிவு நேரம், அளவு, ஃபிரேம் ரேட் என்று சில பெட்டிகள் வரும். நேரத்தை விநாடியில் போடுங்கள். அளவு என்ற இடத்தில் 'ஒரிஜினல்' என்று இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். நான் முதலில் முயன்ற வேறொரு தளம் சொல்லாமல் கொள்ளாமல் படத்தைச் சின்னதாக்கிக் கொடுத்தது.

வீடியோ பெரிதாக இருந்து தளம் ஏற்க மறுத்தால், போனிலேயே உங்கள் காட்சி வரும் ஐந்தாறு விநாடியை மட்டும் வெட்டி, புதிய பிரதியாகச் சேமித்து, அதைப் பதிவேற்றுங்கள். ஒரிஜினலின் மேலேயே சேமித்துவிடாதீர்கள்.

ஃபிரேம் ரேட்: நான் மாட்டிக்கொண்ட இடம்

அந்த மாலையில் பெரும்பகுதியை விழுங்கியது இந்த ஒரு பெட்டிதான். நிதானமாகவே சொல்கிறேன்.

ஃபிரேம் ரேட் என்றால் விநாடிக்கு எத்தனை படம் வேண்டும் என்பது. நான் பார்த்த தளத்தில் அது 5 என்று இருந்தது, நான் தொடவில்லை. மாற்றச் சொன்னேன், பத்து படங்கள் வந்தன. தாத்தா சிரிக்கும் அந்த அரை விநாடிக்கு மூன்றே மூன்று. ஒன்றில் முகம் இன்னும் நிமிரவில்லை. ஒன்றில் கண் மூடியிருக்கிறது. மூன்றாவதில் குனிய ஆரம்பித்துவிட்டார். வீடியோவே மங்கல் போலிருக்கிறது என்று நினைத்து வேறு தளம், வேறு கோப்பு வகை என்று அலைந்தேன். வீடியோவில் குறையே இல்லை. கண் சிமிட்ட 0.1 முதல் 0.4 விநாடி ஆகும். விநாடிக்கு 5 படம் என்றால் இரண்டு படங்களுக்கு நடுவே 0.2 விநாடி இடைவெளி. கண் திறந்திருந்த தருணம் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டது.

பிறகு பெட்டியில் 30 என்று போட்டேன். இரண்டு விநாடிக்கு 60 படங்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் 37-வது படத்தில் கண் திறந்து, பல் தெரிய, நெற்றியில் கிரீஸ் கறையோடு தாத்தா நேராகப் பார்க்கிறார். 36-இல் கை ஆடிக் கலங்கியிருக்கிறது. 38-இல் இமை பாதி இறங்கிவிட்டது.

ஆக, எந்த எண்ணைப் போடுவது? உங்கள் வீடியோவின் ஃபிரேம் ரேட் எதுவோ அதையே. விண்டோஸில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெய்ல்ஸ்' போனால் தெரியும். போன் வீடியோ பெரும்பாலும் 30 அல்லது 60. 29.97 என்று காட்டினால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 வீடியோவுக்கு 60 போட்டால் ஒரே படம் இரண்டிரண்டாக வரும், தெளிவு கூடாது.

மாற்றி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாக இறக்கி, கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். சின்னப் படத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். 100 சதவீத அளவில் வைத்து முதலில் கண்ணைப் பாருங்கள். கண் கூர்மையாக இருந்தால் மற்றதெல்லாம் மன்னிக்கலாம். பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களிலேயே தெளிவு மாறுவதைக் கவனிப்பீர்கள். வீடியோ கோப்பில் முழுப் படமாகச் சேமிக்கப்படுவது இடையிடையே வரும் சில ஃபிரேம்கள் மட்டும்தான். மற்றவை பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கை மட்டும் வைத்திருக்கும். அதனால் சில ஃபிரேம் பளிச்சென்றும் சில கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும்.

ஜேபிஜியா, பிஎன்ஜியா?

என் கட்சி பிஎன்ஜி. ஜேபிஜி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் தகவலை உதறிவிடும். வீடியோ ஏற்கெனவே உதறிய பிறகு இது இரண்டாவது இழப்பு. பிஎன்ஜியால் தரம் கூடாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றும். வெட்டி, வெளிச்சம் சரிசெய்து எல்லாம் முடித்த பிறகு அனுப்புவதற்கு ஜேபிஜி ஆக்கிக்கொள்ளுங்கள். வெப்பி (WebP) என்ற இன்னொரு பட வகை சின்னக் கோப்புதான், ஆனால் பழைய மென்பொருள்கள் திறக்காது. ஜிஃப் வேண்டவே வேண்டாம்: 256 நிறங்கள்தான், முகம் திட்டுத்திட்டாகிவிடும்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு: அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1920க்கு 1080 படம் 6.4 அங்குல அகலம், 3.6 அங்குல உயரம் வரை நன்றாக வரும். 4கே என்றால் 12.8க்கு 7.2. முகத்தை மட்டும் வெட்டினால் அதற்கேற்பக் குறையும்.

பதிவேற்ற மனமில்லையா?

குழந்தைகள், வீட்டு விஷயங்கள் இருக்கும் வீடியோவை நான் எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை. குரோமில் ஒரு புதிய டேபைத் திறந்து வீடியோ கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, வலது கிளிக், 'சேவ் வீடியோ ஃபிரேம் ஆஸ்'. ஃபயர்ஃபாக்ஸில் 'டேக் ஸ்னாப்ஷாட்'. கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, படமும் வீடியோவின் முழு அளவில் கிடைக்கும். சரியான ஃபிரேமில் நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்கு விஎல்சி என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் நல்லது: ஆங்கில 'ஈ' விசையை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். விண்டோஸில் ஷிஃப்ட்டும் 'எஸ்'ஸும் சேர்த்து அழுத்தினால் படம் சேமிக்கப்படும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் சொன்ன மூன்று சிக்கல்கள்.

ஐபோன் வீடியோவைத் தளம் ஏற்கவில்லை, அல்லது கறுப்பாகத் தெரிகிறது. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் 7-உம் அதற்குப் பிந்தைய ஐபோன்களும் எச்இவிசி என்ற, வீடியோவை அதிகமாகச் சுருக்கும் முறையில் பதிகின்றன. எல்லா இடத்திலும் அது திறக்காது. இனி எடுப்பதற்கு, செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்ததை, பெரும்பாலான இடங்களில் திறக்கும் எம்பி4 கோப்பாக, எச்264 முறையில் மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

படம் வெளிறிப்போய் வருகிறது. அது எச்டிஆர் வீடியோ, அதாவது வெளிச்சமும் நிறமும் சாதாரண வீடியோவைவிட விரிவாகப் பதிவானது. அதன் நிறத்தைச் சாதாரணப் படத்துக்கு ஏற்றபடி மாற்றாமலே தளம் கொடுத்துவிடுகிறது. கான்ட்ராஸ்ட்டும் சாச்சுரேஷனும் கூட்டினால் பெருமளவு சரியாகும். ஆகவில்லை என்றால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போனிலேயே முழுத் திரையில் வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது மேல்.

பழைய கேம்கார்டர் வீடியோவில் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழுகிறது. இரண்டு வேறு கணங்களின் படம் ஒன்றுவிட்டு ஒரு வரியாக ஒரே ஃபிரேமில் கலந்திருப்பதால் வருவது அது. விஎல்சியில் வீடியோ மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை ஆன் செய்துவிட்டுப் பிறகு படம் பிடியுங்கள். கோடுகள் போய்விடும்.