பத்து சிஸ்டம் கேமிங் சென்டர்: மணிக்கட்டணமும் சேவைகளும் திட்டமிடும் முறை

பாளையங்கோட்டை போல, கல்லூரிகளும் விடுதிகளும் நெருங்கிக் கிடக்கும் ஊரில், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கணினி விளையாட்டு ஆடவிடும் கேமிங் சென்டர் தொடங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் செய்வது, பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே நடக்கும் சென்டரில் மணிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, அதைவிடப் பத்து ரூபாய் குறைத்துப் பலகையில் எழுதுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மாலை நேரத்தில் உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்தும், மூன்றாவது மாத வாடகைக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் தாளையும் பேனாவையும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் ஊர் வாடகையையும் சம்பளத்தையும் அந்தந்த இடத்தில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு

பத்து கணினிகள் கொண்ட ஒரு சென்டருக்கு மாத வாடகை 18,000, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்புக்கு 3,000, இரண்டு ஊழியர்களுக்கு 24,000, நேரத்தைக் கணக்கிடும் மேலாண்மை மென்பொருளுக்கு 3,000, அறுந்துபோகும் ஹெட்செட்டும் தேய்ந்துபோகும் மவுஸும் மாற்ற 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஏசி, விளக்கு, மின் இணைப்பின் நிலைக்கட்டணம் ஆகியவற்றுக்கு 9,200 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 62,200 ஆகிறது.

ஏசிக்கு ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். நடுத்தர கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு சிஸ்டம், மானிட்டருடன் சேர்த்து, ஆடும்போது ஏறக்குறைய 350 வாட் இழுக்கிறது; பத்தும் ஓடினால் 3,500 வாட், அவ்வளவும் அறைக்குள் வெப்பமாகவே இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமும் ஏறக்குறைய அதே 3,500 வாட்தான். அதாவது கணினிகளுக்கே ஒரு டன் தீர்ந்துவிடுகிறது. ஆட்களின் உடல்சூட்டுக்கும் மேல்தளத்து வெயிலுக்கும் தனியாக வேண்டும். ஆகவே ஒன்றரை டன்னில் இரண்டு ஏசி இல்லாமல் சித்திரை மாதத்தை ஓட்ட முடியாது. மின் இணைப்பு வணிகப் பயன்பாட்டுப் பிரிவில் வரும் என்பதால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருவதால், முதல் மாதத்துப் பங்கை அப்போதே எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும்.

இதுவரை எழுதியதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுவிடுவது இரண்டு. ஒன்று, தேய்மானம். சிஸ்டம் ஒன்றுக்கு 75,000 வீதம் பத்துக்கு 7,50,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் அவை பழையதாகிவிடும் என்று கொண்டால் மாதத்துக்கு 20,800 ஆகிறது. மேசை, நாற்காலி, ஏசி, யூபிஎஸ் என்று போட்ட 3,00,000 ரூபாயை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்தால் இன்னும் 5,000. இரண்டாவது, உங்கள் சம்பளம். காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை கடையில் நிற்கிற உங்களுக்கு 20,000 ரூபாயாவது எழுதுங்கள். எழுத வெட்கப்பட்டால் அந்தப் பணத்தை வாடிக்கையாளருக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 1,08,000 ரூபாய்.

படி 2: நாற்காலி மணிகளை எண்ணுதல்

பத்து நாற்காலிகள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், முப்பது நாட்கள் என்றால் மாதத்துக்கு 3,600 நாற்காலி மணிகள் கையில் இருக்கின்றன. 1,08,000 ரூபாயை இதனால் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய்தான் வருகிறது. பக்கத்துச் சென்டரின் 60 ரூபாய் அப்போது கொள்ளை லாபமாகத் தெரியும். நான் விழுந்த குழி இதுதான். எந்தச் சென்டரும் முழு நேரமும் நிரம்புவதில்லை. வார நாள் காலையில் பத்தில் இரண்டு நாற்காலி நிரம்பினாலே நல்ல நாள். நாற்பது சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் விற்கும் மணிகள் 1,440, மணிக்கு அடக்கம் 75 ரூபாய். ஒரு சிஸ்டம் ஒரு மணி நேரம் ஓட ஆகும் மின்சாரம் மூன்றரை ரூபாயையும் கூட்டினால் 78.50 ஆகிறது.

இந்த 78.50 என்ற எண்ணில் இரண்டு செய்திகள் உள்ளன. காலியாகக் கிடக்கும் நாற்காலியின் செலவை நிரம்பிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சுமக்கிறார் என்பது ஒன்று. ஏற்கெனவே திறந்திருக்கும் கடையில் கூடுதலாக ஒருவரை ஒரு மணி நேரம் ஆட வைக்க நமக்கு ஆகும் கூடுதல் செலவு வெறும் மூன்றரை ரூபாய் என்பது மற்றொன்று. இனி வரும் கட்டணங்கள் எல்லாம் இந்த இரண்டையும் வைத்தே அமைகின்றன.

படி 3: நாளை மூன்றாகப் பிரித்தல்

நாள் முழுவதும் ஒரே கட்டணம் வைத்தால், கூட்டம் வரும் நேரத்தில் குறைவாகவும் வராத நேரத்தில் அதிகமாகவும் வாங்குகிறோம். எனவே வார நாள்களில் காலை பத்து முதல் மாலை மூன்று வரை மணிக்கு 50 ரூபாய், மூன்று முதல் இரவு பத்து வரை 80 ரூபாய், சனி ஞாயிறு முழுவதும் 90 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம். மாதத்தில் 22 வார நாள்கள், 8 வார இறுதி நாள்கள்.

வார நாள் பகலில் உள்ள 1,100 நாற்காலி மணிகளில் இருபது சதவீதம் நிரம்பினால் 220 மணிகள், 11,000 ரூபாய். வார நாள் மாலையில் உள்ள 1,540 மணிகளில் நாற்பத்தைந்து சதவீதம் நிரம்பினால் 693 மணிகள், 55,440 ரூபாய். வார இறுதியின் 960 மணிகளில் அறுபது சதவீதம் என்றால் 576 மணிகள், 51,840 ரூபாய். மொத்தம் 1,489 மணிகளுக்கு 1,18,280 ரூபாய் வருகிறது. தொகுப்புச் சலுகைகளுக்காகப் பத்து சதவீதம் கழித்து, ஓடும் மின்சாரத்துக்கு 5,200 ரூபாயையும் கழித்து, தின்பண்ட லாபமாக 12,000 ரூபாயைச் சேர்த்தால், நிலையான செலவெல்லாம் போக ஐயாயிரத்துச் சொச்சம் மிஞ்சும். பெரிய தொகை இல்லைதான்; ஆனால் உங்கள் சம்பளமும் மூன்று ஆண்டு கழித்துப் புது சிஸ்டம் வாங்கும் பணமும் ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்டுவிட்டன. இதே கூட்டத்துக்கு நாள் முழுவதும் 60 ரூபாய் வாங்கியிருந்தால், சலுகையே கொடுக்காமலும் மாதம் ஏறக்குறைய 12,000 ரூபாய் துண்டு விழுந்திருக்கும்.

பகல் கட்டணம் மாலைக்குள் கசியக் கூடாது. இரண்டரை மணிக்கு உட்கார்ந்தவருக்கு மூன்று மணி முதல் மாலைக் கட்டணம் ஏற வேண்டும். மேலாண்மை மென்பொருள்களில் இதற்கான வசதி உண்டா என்று வாங்கும் முன்பே சோதித்துவிடுங்கள். கையால் கணக்கு எழுதினால் தினமும் வாக்குவாதம்தான்.

படி 4: எத்தனை நிமிடத்துக்கு ஒரு கணக்கு

வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்ற இரண்டு துப்பாக்கி விளையாட்டுகளிலும் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணி ஜெயிக்கிறது. ஓர் ஆட்டம் முப்பது நாற்பது நிமிடம் போகும். டோட்டா 2 என்ற மற்றோர் அணி விளையாட்டு இன்னும் நீளும். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியவரின் இரண்டாவது ஆட்டம் பெரும்பாலும் பாதியில் நிற்கும்போதுதான் நேரம் முடியும். அங்கே திரையைப் பூட்டினால் விளையாட்டில் அவருடைய தரவரிசைப் புள்ளி போகும், கூட ஆடும் நால்வரின் கோபமும் சேரும். ஆகவே குறைந்தபட்சம் ஒரு மணி நேரம், அதன் பின் கால் மணிக்கு 20 ரூபாய் என்று வையுங்கள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது திரையில் அறிவிப்பு வரட்டும். மின்வெட்டால் ஆட்டம் அறுந்தால் அரை மணி நேரம் திருப்பித் தரப்படும் என்பதைப் பலகையிலேயே எழுதிவிடுங்கள். விளையாட்டுக்கு அப்டேட் இறங்கும் நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது. காலையில் கடை திறக்கும் முன்பே எல்லாச் சிஸ்டத்திலும் அப்டேட்டை முடித்துவிட வேண்டும்.

படி 5: தொகுப்புகள்

தொடக்கத்தில் இரண்டு போதும்: பத்து மணி நேரம் 700 ரூபாய், அறுபது நாள்களுக்குள்; முப்பது மணி நேரம் 1,950 ரூபாய், தொண்ணூறு நாள்களுக்குள். வரம்பற்ற மாதச் சந்தா மட்டும் வேண்டவே வேண்டாம். அதை வாங்குபவர் தினமும் ஆறு மணி நேரம் ஆடுபவராகத்தான் இருப்பார், அதுவும் மாலை நேரத்தில். முன்பணமாக வந்த தொகை நீங்கள் இன்னும் கொடுக்காத மணிகளுக்கான கடன் என்பதை மறந்துவிட்டு அதில் புது நாற்காலி வாங்கினால், மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வும் ஏப்ரலில் கல்லூரிப் பருவத் தேர்வும் வந்து கல்லா காலியாகும்போது திண்டாட்டம்தான்.

படி 6: நாற்காலியைத் தவிர வேறு என்ன விற்கலாம்

மேலே சொன்ன இரண்டு துப்பாக்கி விளையாட்டுகளும் ஐவருக்கு ஐவர் ஆடுபவை. பத்து சிஸ்டம் என்பது இரண்டு முழு அணி. எட்டு வாங்கினால் ஓர் அணியும் மூன்று தனிநபர்களும்தான். எனவே ஐந்து நாற்காலிகளை ஒரே வரிசையில் போட்டு, அணியாக முன்பதிவு செய்பவர்களுக்கு வார நாள் மாலையில் மூன்று மணி நேரம் 1,100 ரூபாய் என்று கொடுங்கள். தனித்தனியாக வந்தால் 1,200 ஆகும். நூறு ரூபாய்க்கு ஐந்து நாற்காலிகள் ஒரே நேரத்தில் உறுதியாக நிரம்புகின்றன. முன்பதிவுக்குப் பாதிப் பணம் முதலிலேயே வாங்கிவிட வேண்டும்.

டிவியில் இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் வைப்பதானால் கட்டணத்தைக் கன்சோலுக்கு வைக்காமல், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலருக்கு வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கட்டிய பணத்தில் நால்வர் மாறி மாறி ஆடிவிட்டுப் போவார்கள்.

தென்கொரியாவில் 1990களின் கடைசியிலிருந்து பெருகிய 'பிசி பாங்' எனப்படும் கடைகளில், ஆடும் நாற்காலிக்கே சூடான ராம்யோன் நூடுல்ஸ் வந்துவிடும். மணிக்கட்டணத்தைக் குறைவாக வைத்துவிட்டுச் சாப்பாட்டில் ஈடுகட்டுகிறார்கள். நம் ஊரில் சமையல்கட்டு வைக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. டீ, குளிர்பானம், முட்டை பப்ஸ், சிப்ஸ் என்று மாதம் 30,000 ரூபாய்க்கு விற்று, அதில் நாற்பது சதவீதம் நின்றால், மேலே கணக்கில் சேர்த்த 12,000 அதுதான். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு சிறு கடைக்கும் தேவை. எண்ணெய்க் கையோடு கீபோர்டைத் தொடாமலிருக்க டிஷ்யூ பேப்பரை இலவசமாகவே வையுங்கள். கீபோர்டு விலையைவிட அது மலிவு.

வார நாள் பகலுக்கு மட்டும் ஒரு யோசனை. கதவருகே ஒரு சாதாரணக் கணினியும் பிரிண்டரும் வைத்தால் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஹால் டிக்கெட், ஜெராக்ஸ் என்று ஆள் வருவார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தை ஆடும் நாற்காலிகளில் உட்கார வைக்காதீர்கள்.

படி 7: உரிமமும் சட்டமும்

ஆடுபவர்கள் தங்கள் சொந்த விளையாட்டுக் கணக்கில் நுழையட்டும். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 மூன்றும் இலவசம் என்பதால் தொடக்கத்துக்கு இவை போதும். விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகளைத் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டு விற்பனைத் தளத்தில் தனிநபர் கணக்கில் வாங்கிப் பத்துப் பேருக்கு வாடகைக்கு விடுவது விதிமீறல்; அதற்கென ஸ்டீமில் இணைய மையங்களுக்கான தனித் திட்டம் இருக்கிறது. ஏமாற்று மென்பொருளை ஒருவர் ஓட்டிப் பிடிபட்டால் வேலரண்ட் அந்தக் கணினியையே தடை செய்யக்கூடும், எனவே வாடிக்கையாளர் எதையும் நிறுவ முடியாதபடி பூட்டி வையுங்கள்.

பொது இணைய மையங்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பயன்பாட்டுப் பதிவுகளை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும், இருக்கைகளைப் பிரிக்கும் தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது, அடையாள அட்டை இல்லாத சிறுவரை, அடையாள ஆவணம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் துணையின்றி அனுமதிக்கக் கூடாது. போட்டி நடத்தும்போது ஆடுபவர்களிடம் பணம் திரட்டி வென்றவரிடம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. வழக்கமான நாற்காலிக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பரிசை உங்கள் விளம்பரச் செலவிலிருந்து கொடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு, ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயமாகிறது. தின்பண்ட விற்பனையும் அந்தக் கணக்கில் சேரும்.

படி 8: எட்டு வாரக் குறிப்பு

கடை திறந்த நாள் முதல் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை நாற்காலி நிரம்பியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். எட்டு வாரம் கழித்துப் பாருங்கள்: ஒரு நேரப் பகுதி எழுபது சதவீதத்துக்கு மேல் நிரம்பி, ஆட்கள் காத்திருந்து திரும்பிப் போனால், அந்தப் பகுதிக்கு மட்டும் பத்து ரூபாய் ஏற்றலாம். இருபது சதவீதத்துக்குக் கீழே கிடக்கும் பகுதியில் கட்டணத்தை மேலும் குறைப்பதற்கு முன், அந்த நேரத்தில் ஊரில் மாணவர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். வகுப்பில் இருப்பவரை 30 ரூபாய்க் கட்டணமும் கடைக்கு இழுத்து வராது, அப்படியானால் கடையைப் பன்னிரண்டு மணிக்குத் திறந்து ஏசிச் செலவையாவது மிச்சப்படுத்தலாம். கட்டணத்தை ஏற்றும்போது பதினைந்து நாள் முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். பழைய கட்டணத்தில் தொகுப்பு வாங்கியவர்களின் மீதி மணிகளை ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள்.