ஆபீஸ் விழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் பிடிக்கும்போது

டவுன்ஹால் மீட்டிங்கோ டீலர் மீட்டோ, எங்கள் ஆபீசில் சவுண்ட் ஏற்பாடு என் பொறுப்பு. முதல்முறை இதைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. "எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். எத்தனை பேர் வருகிறார்கள், மூடிய ஹாலா புல்வெளியா, ஒரே நேரத்தில் மேடையில் எத்தனை பேர் பேசுவார்கள், வீடியோ உண்டா, ஜூமில் யாராவது சேர்கிறார்களா? இதைச் சொன்னால் போதும், பொருளை அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். வெளி வெண்டரை உள்ளே விடுவார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஹோட்டலில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

2. கொட்டேஷனில் "கார்ட்லெஸ் மைக் 4" என்று மட்டும் இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாடல் பெயர், ஸ்பேர் மைக், கடைசிவரை இருக்கும் ஆபரேட்டர், வண்டி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் எழுத்தில் வேண்டும். என் ஓட்டு எப்போதும் ஷூர் எஸ்எம்58 தலை வைத்த கைமைக்குக்குத்தான். காலர் மைக் வாயிலிருந்து தள்ளி இருப்பதால் கெய்னை (மிக்சரில் மைக் சத்தத்தைக் கூட்டும் அளவு) ஏற்ற வேண்டியிருக்கும். பேசுபவர் ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்தாலே கூவ ஆரம்பித்துவிடும். கை ஃப்ரீயாக வேண்டும் என்பவருக்கு ஹெட்செட் மைக் கேளுங்கள்.

3. லேப்டாப். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். எச்டிஎம்ஐ ஒயரைச் செருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் சத்தத்தையும் அந்த வழியே திரைக்கு அனுப்பிவிடும். படம் ஓடும், ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி அவுட்புட்டை மாற்றுங்கள். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால், லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டு கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்.

ஜூம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஹால் மைக் எல்லாம் ஜூமுக்குப் போக வேண்டும், ஜூமிலிருந்து வரும் குரல் மட்டும் திரும்ப அங்கே போகக் கூடாது. போனால் ஜூமில் புனேயிலிருந்து பேசுபவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும், பாவம், அவரால் ஒரு வாக்கியம் முடிக்க முடியாது. ஆபரேட்டரிடம், "அண்ணே, ஜூமுக்குத் தனி ஆக்ஸ் கொடுங்க, அதுல லேப்டாப் சேனலை மட்டும் முழுசா குறைச்சிடுங்க" என்று சொல்லுங்கள். ஆக்ஸ் என்பது மிக்சரிலிருந்து தனியாக எடுக்கும் இன்னொரு அவுட்புட். அந்த ஆக்ஸை லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையில் செருகாதீர்கள். மிக்சரின் லைன் சிக்னல் அந்த ஓட்டையில் இருக்கும் மைக் இன்புட்டுக்கு மிக அதிகம், குரல் உடைந்துதான் போகும். மிக்சர் சத்தத்தை யுஎஸ்பி வழியே லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி, அதாவது ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மாதிரி யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் டீமுக்கு ஒன்று சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறோம்.

4. ஒத்திகை. விருந்தினர் வருவதற்கு 2 மணி நேரம் முன்பே எல்லாம் ஓட வேண்டும். மைக்கைக் கையில் பிடித்து மேடை முழுக்க நடந்து பாருங்கள், கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்துக் கேளுங்கள். முழுநாள் நிகழ்ச்சி என்றால் சாப்பாட்டு இடைவேளையில் மைக் பேட்டரி எல்லாம் புதிது மாற்றச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: புல்வெளியில் இரவு விருந்து வைப்பது பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. மற்ற நேரத்துக்கும் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். அதை வெண்டர் வாங்குவாரா நீங்களா என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.