கொழும்பில் கர்ப்பமானால் மிட்வைஃபிடம் பதிவது எப்படி

தனியார் மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கிறோம், பிறகு மிட்வைஃப் எதற்கு என்று கேட்கிற குடும்பங்கள் கொழும்பில் நிறைய. நிபுணரிடம் நீங்கள்தான் போகவேண்டும். பிள்ளை பிறந்த நாலாம் நாள், தையல் நோவோடு படுத்திருக்கும்போது வீடு தேடி வருகிறவர் மிட்வைஃப், அதாவது குடும்பநல உத்தியோகத்தர். அவர் முகவரிப்படி வேலை செய்கிறார். பதிவேட்டில் உங்கள் வீடு இல்லையென்றால் வரமாட்டார். இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது, இருவரையும் பார்ப்பதில் தடையும் இல்லை.

முதலில் வீடு எந்த எல்லைக்குள் என்று பாருங்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் கொழும்பு மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்குகளுக்குள் வரும். காலி வீதியில் இன்னும் தெற்கே தெஹிவளைக்குப் போய்விட்டால் சபையும் வேறு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் வேறு. பிழையான இடத்துக்குப் போனால் அரை நாள் வீண். அதே தொடர்மாடியில் கைக்குழந்தை உள்ள வீட்டில் கேளுங்கள். எந்த மிஸ் (மிட்வைஃபை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எந்தக் கிழமை கிளினிக் என்று உடனே தெரிந்துவிடும்.

பதிவைக் கர்ப்பத்தின் 8ஆம் வாரத்துக்குள் முடிக்கவேண்டும். பிள்ளைக்குத் திட்டமிடும்போதே போனால் இன்னும் நல்லது, ஃபோலிக் அமிலக் குளிசையை முன்கூட்டியே தொடங்கலாம். அடையாள அட்டை, முந்திய கர்ப்பக் கொப்பி, பழைய தடுப்பூசி அட்டை, இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயர்கள் கையில் இருக்கட்டும். ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி எத்தனை தேவை என்பது அந்தப் பழைய அட்டையைப் பொறுத்தது. கடைசி மாதவிடாயின் முதல் நாளைத் திகதியாகச் சொல்லுங்கள். "தீபாவளிக்குக் கிட்ட" என்றால் வாரக்கணக்கு பிழைக்கும், அதோடு பிரசவத் திகதியும் பிழைக்கும்.

இரத்தச் சோதனையில் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பதுண்டு. இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்ததற்கு இந்தச் சோதனையும் காரணம்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடோ பாலோடோ விழுங்கவேண்டாம், சத்து உடம்பில் சேராது. கல்சியத்தையும் அதையும் வேறு வேறு நேரத்தில் எடுங்கள். ஒன்று காலை, மற்றது இரவு. மலம் கறுப்பது வழமை, அதற்குப் பயந்து நிறுத்தவேண்டாம்.

கர்ப்பக் கொப்பியின் ஒரு பிரதி உங்களிடம், மற்றது மிட்வைஃபிடம் இருக்கும். நிபுணர் பார்க்கும் இரத்த அழுத்தம், ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தனித் தாள்கள் அவசரத்தில் அகப்படா.

கொழும்பில் பிசகுகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தொடர்மாடிக் காவலாளி. மிஸ்ஸின் பெயரையும் உங்கள் வீட்டு இலக்கத்தையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் கீழேயே திருப்பி அனுப்பிவிடுவார். மற்றது, தலைப்பிரசவத்துக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போவது. புறப்படுமுன் இங்குள்ளவரிடம் சொல்லுங்கள், அங்கே இறங்கிய வாரமே அம்மா வீட்டு முகவரியை அந்த ஊர் உத்தியோகத்தரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் கொழும்பு மிஸ் நீங்கள் அங்கே என்று விட்டுவிடுவார், அந்த ஊர் மிஸ்ஸுக்கு நீங்கள் வந்ததே தெரியாது. மொழி இடித்தால் சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். இரத்தப்போக்கு பற்றிப் பேசப் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்தவேண்டாம்.

பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாளில் இரண்டு தடவை, 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தடவை, 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை வருவார். தையல், இரத்தப்போக்கு, மார்பு, பிள்ளையின் தொப்புள், மஞ்சள் நிறம் பார்ப்பார். தாயின் மனநிலையையும் கேட்பார், மாமியார் பக்கத்தில் இருந்தால் தனியாகப் பேசக் கேளுங்கள். தொப்புளில் தூளோ எண்ணெயோ வேண்டாம். பத்தியச் சரக்குக் கறி சாப்பிடலாம், ஆனால் தண்ணீரைக் குறைப்பது கூடாது. அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலையிடி, பிள்ளை பால் குடிக்காமை, உள்ளங்காலில் மஞ்சள் என்றால் வருகை நாளுக்குக் காத்திராமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் பென்டாவேலன்டும் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) போலியோ சொட்டும், 9இல் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா), 12இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். தனியாரிடம் போட்டாலும் பிள்ளையின் கொப்பியில் திகதியைப் பதித்து மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவரது பதிவேட்டில் தவறிய பிள்ளையாகவே நிற்கும். ஒரு ஊசி பிந்தினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறந்தவுடன் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பை ஆறாம் மாதம் கையில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கிளினிக்கில் காட்டுங்கள், திரும்பப் போடுவார்கள்.