கல்லா வேறு, சட்டைப்பை வேறு: கடைக்கென்று கிரெடிட் கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜவுளிக்கடைப் பேரேடுகளில் 'சொந்தப் பற்று' என்று ஒரு தலைப்பு இருக்கும். மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு முதலாளி கல்லாவிலிருந்து பணம் எடுத்தாலும், வீட்டுக்கு ஒரு வேட்டி எடுத்துப் போனாலும் கணக்குப்பிள்ளை அதன் கீழ் எழுதிவிடுவார். கடை முழுவதும் முதலாளியுடையதுதான். ஆனாலும் எழுதாமல் விடமாட்டார். கிரெடிட் கார்டு வந்தபிறகு அந்த ஒரு வரி காணாமல் போய்விட்டது.

ஈரோட்டில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு மார்ச் மாதமும் யாராவது ஒருவர் பன்னிரண்டு மாதக் கார்டு ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைப்பார். பெட்ரோல், மருந்துக்கடை, இணைய விளம்பரம், பிரியாணிக்கடை, பேக்கிங் டேப், சினிமா டிக்கெட், மறுபடியும் பெட்ரோல் என்று வரிசை ஓடும். நடுவில் அமேசானில் 3,400 ரூபாய். அது லேபிள் அச்சிடும் இயந்திரமா, குக்கரா? அவருக்கும் நினைவில்லை. "இரண்டும் வாங்கினேன் அண்ணா, எது எந்த மாதம் என்றுதான் தெரியவில்லை" என்பார். "கார்டை ஏன் பிரிக்கவில்லை?" என்று கேட்டால், "இந்தக் கார்டில்தான் பாயின்ட் அதிகம்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும்.

அந்தப் பதிலில்தான் முதல் தவறு இருக்கிறது.

1 சதவீதத்தைத் துரத்தி 18 சதவீதத்தைத் தவறவிடுவது

கடைக்கு 10,000 ரூபாய் விலையில் பிரின்டர் வாங்குகிறீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 11,800 ரூபாய். கார்டு 1 சதவீதம் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வருவது 118 ரூபாய். அதே பிரின்டருக்கு உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு பில் வாங்கியிருந்தால், 1,800 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியாக, நீங்கள் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பாயின்ட்டைக் கணக்குப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த 1,800 ரூபாயைப் பார்ப்பதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கார்டில் பணம் கட்டினீர்கள் என்பதை வைத்து உள்ளீட்டு வரி கிடைப்பதில்லை. உங்கள் ஜிஎஸ்டி எண் உள்ள பில் வேண்டும். விற்றவர் அதைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். விற்றவர்கள் காட்டிய பில்களை மாதாமாதம் பட்டியலிடும் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் அது தெரிய வேண்டும். இவையெல்லாம் இருந்தால் சொந்தக் கார்டில் கட்டியிருந்தாலும் கேட்கலாம். அப்படியென்றால் தனிக் கார்டு எதற்கு? பழக்கத்துக்காக. கடைக் கார்டைக் கையில் எடுக்கும்போதே 'இதற்கு ஜிஎஸ்டி எண் கொடுக்க வேண்டும்' என்ற நினைவு வந்துவிடும். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டில் எத்தனை வரிகள், கையில் எத்தனை பில்கள் என்று எண்ணிப் பார்த்தாலே விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். வீட்டுச் செலவோடு கலந்து கிடந்தால் அந்த எண்ணிக்கை சாத்தியமே இல்லை.

விட்டுப்போன பில்லை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். ஆண்டுக் கணக்கை அதற்குமுன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்த நாளோடு சரி. காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரியே கிடையாது. அவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

விளம்பரத்தைப் படித்துவிட்டு, விலக்குப் பட்டியலைப் படிக்காமல் விடுவது

'ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 4 பாயின்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பாயின்ட்டின் மதிப்பு 25 காசு என்றால் அது வெறும் 1 சதவீதம். பாயின்ட்டைப் பணமாக மாற்றும் ஒவ்வொரு முறையும் பல வங்கிகள் தனிக் கட்டணம் எடுக்கின்றன. அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. காலாவதி தேதி இன்னொரு பக்கம்.

இதைவிடப் பெரிய சிக்கல் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. எரிபொருள், வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டும் தொகை, இஎம்ஐ ஆகியவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. மின்கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் சில கார்டுகளில் உண்டு, சிலவற்றில் ஒரு வரம்போடு நின்றுவிடும். ஒரு சிறு கடையின் பெரிய செலவுகள் எவை? வாடகை, மின்கட்டணம், டீசல், வரி, சம்பளம். அந்தப் பட்டியலையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். விமான நிலைய ஓய்வறைக்கு இலவச அனுமதி தரும் கார்டை வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கடைசியாக வெளியூர் போனது பழனிக்கு, பஸ்ஸில்.

ஆகவே கார்டைப் பார்க்குமுன் கடந்த மூன்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். சரக்கு, வண்டி, விளம்பரம், பேக்கிங், இணையம், பயணம் எனத் தலைப்பு பிரித்து, கார்டில் கட்டக்கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள். மாதம் 15,000 ரூபாய்தான் வருகிறது என்றால், 1 சதவீதக் கார்டு ஆண்டுக்குத் தருவது 1,800 ரூபாய். அதற்காக ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டும் கார்டு உங்களுக்கு வேண்டாம். 'இத்தனை லட்சம் செலவு செய்தால் கட்டணம் கிடையாது' என்ற சலுகைக்காகத் தேவையில்லாத சரக்கை வாங்கிக் குவித்தவர்களும் உண்டு.

மொத்தக் கடையின் 2 சதவீதம்

மொத்தச் சந்தையில் கார்டை நீட்டினால் பல இடங்களில் "கார்டு என்றால் 2 சதவீதம் கூட" என்பார்கள். கார்டு பரிவர்த்தனைக்கு வங்கி அவர்களிடம் பிடித்துக்கொள்ளும் தொகையை உங்கள் தலையில் வைக்கிறார்கள். 1 லட்சம் ரூபாய் சரக்குக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 1,000 ரூபாய் பாயின்ட் வாங்குவது வியாபாரம் ஆகாது. ரொக்கத் தள்ளுபடி தருகிறவரிடம் கார்டு கொடுத்தால் நட்டம் இன்னும் கூடும்.

ஆனால் இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வாங்கினால், பணம் கட்ட ஏறத்தாழ 45 முதல் 50 நாள் கிடைக்கிறது. 45 நாளுக்கு 2 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கில் சுமார் 16 சதவீத வட்டி. தீபாவளிச் சரக்குக்கு வெளியில் வட்டிக்கு வாங்குவதைவிட அது மலிவாக இருக்கலாம். அப்போது அதைக் கடனுக்குக் கொடுக்கும் விலையாக மட்டும் எடைபோடுங்கள். பாயின்ட்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கு தவணைத் தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டினால்தான் செல்லும். ஸ்டேட்மென்ட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சாகியிருக்கும். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வியாபாரிகள் நிறைய. பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். 80,000 ரூபாய் நிலுவைக்கு 3.75 சதவீதம் என்றால் மாதம் 3,000 ரூபாய். வட்டிக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பதால் 3,540. அந்த 80,000 ரூபாய்க்குக் கிடைத்த பாயின்ட் 800 ரூபாய். இன்னொரு கொடுமை, வட்டி தவணைத் தேதியிலிருந்து ஓடுவதில்லை. பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். நிலுவை இருக்கும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே மேல்வரம்பு ஒன்று காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கார்டைப் பிரித்துவிட்டு, கட்டும் கணக்கைப் பிரிக்காதது

இரண்டு கார்டு வாங்கிவிடுகிறார்கள். இரண்டின் பில்லும் ஒரே சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறது. இது குழாயைப் பிரித்துவிட்டுத் தொட்டியை ஒன்றாக வைப்பது போல. கடைக் கார்டின் பில் கடையின் நடப்புக் கணக்கிலிருந்து போகட்டும்; வீட்டுக் கார்டுக்குச் சேமிப்புக் கணக்கு. மாதாமாதம் வீட்டுக்குத் தேவையான தொகையை நடப்புக் கணக்கிலிருந்து ஒரே தொகையாகச் சேமிப்புக்கு மாற்றுங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் 'சொந்தப் பற்று'.

ஸ்டேட்மென்ட் தேதியையும் கவனியுங்கள். பில் மாதம் 17-ஆம் தேதி தொடங்கி 16-இல் முடிந்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு ஸ்டேட்மென்ட்டைப் புரட்டி ஒரு மாதக் கணக்கு எடுக்க வேண்டும். மாத முடிவை ஒட்டி வைத்துக்கொண்டால், 14-ஆம் தேதி வரும் 2பி படிவத்தோடு ஒப்பிட்டு 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்வது எளிது. பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பலர் கேட்பதே இல்லை.

ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யுபிஐயுடன் இணைக்க முடிகிறது. டீக்கடை முதல் ஆட்டோ உதிரிபாகக் கடை வரை கியூஆர் குறியீட்டில் கட்டலாம் என்பது சில்லறைச் செலவுக்கு வசதிதான். ஆனால் தனிநபரின் கியூஆருக்குக் கார்டிலிருந்து பணம் போகாது. வணிகருக்கான கியூஆராக இருக்க வேண்டும். மேலும் ஸ்டேட்மென்ட்டில் கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளரின் பெயர் விழுவது வழக்கம். ஆறு மாதம் கழித்து 'முருகேசன் 640' என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? கட்டிய உடனே குறிப்பு எழுதுங்கள், அல்லது பில்லைப் படமெடுத்து வையுங்கள்.

யார் பெயரில் கார்டு?

தனி உரிமையாளர் கடை என்றால், சட்டத்தின் பார்வையில் நீங்களும் கடையும் ஒருவரே. பான் எண்ணும் ஒன்றே. இரண்டாவதாக ஒரு சாதாரணக் கார்டை வாங்கிக் கடைக்கென்று ஒதுக்கலாமே என்று தோன்றும். சிறிய அளவில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பல வங்கிகளின் விதிமுறைகளில் 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி இருக்கிறது. மாதாமாதம் ஒரே மொத்த வியாபாரியிடம் பெரிய தொகைகள் போனால் பாயின்ட்டை நிறுத்தவோ கார்டையே முடக்கவோ அவர்களுக்கு அது இடம் தருகிறது. வணிகக் கார்டு வாங்கினாலும் பணம் எதற்குப் போகிறது என்று கவனிக்கும் ஏற்பாடு வங்கியிடம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 மார்ச் திருத்தத்தில் சொல்லியிருக்கிறது. ஆகவே வணிகக் கார்டில் மகளின் கல்லூரிக் கட்டணம் வேண்டாம்.

கூட்டு நிறுவனமாக இருந்தால் பாயின்ட் யாருக்கு என்பதைக் கார்டு வரும் முன்பே பேசி முடியுங்கள். ஒரு பங்குதாரர் நிறுவனத்தின் பாயின்ட்டில் குடும்பத்தோடு கோவா போய்வந்ததால் பேச்சுவார்த்தை நின்றுபோன கடை ஒன்றின் கணக்கை நான் இன்னும் பார்க்கிறேன். பிரைவேட் லிமிடெட் என்றால் எச்சரிக்கை இரட்டிப்பு. கம்பெனி வேறு ஆள். அதன் கார்டில் இயக்குநர் வீட்டுக்கு டிவி வாங்கினால், அது கம்பெனி அவருக்குக் கொடுத்த கடனாகப் பார்க்கப்படலாம். கம்பெனிச் சட்டத்திலும் வருமான வரியிலும் அதற்கு விளைவு உண்டு.

ஊழியருக்கோ தம்பிக்கோ கூடுதல் கார்டு எடுத்துக் கொடுப்பதிலும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கார்டில் ஏறும் கடன் முழுவதும் முதன்மைக் கார்டுதாரர் தலையில்தான்.

கார்டைப் பிரித்து வைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரு நிதியாண்டில் கார்டு பில்லுக்காக 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால், ரொக்கமாக என்றால் 1 லட்சமோ அதற்கு மேலோ கட்டினால், வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். ஆண்டு வருமானம் 6 லட்சம் என்று காட்டியவரின் பான் எண்ணில் 14 லட்சம் கார்டு செலவு தெரிந்தால் கேள்வி வரத்தான் செய்யும். அதில் 11 லட்சம் கடைச் சரக்கு என்று ஒரே ஸ்டேட்மென்ட்டை எடுத்து நீட்ட முடிகிறவருக்கு அது அரை நாள் வேலை. கலந்து வைத்திருப்பவருக்கு அது ஒரு மாதம்.

சொந்தக் கடை இயந்திரத்திலேயே சொந்தக் கார்டைத் தேய்த்துப் பணமாக்குவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. இயந்திரக் கட்டணம் போகும், நடக்காத விற்பனை கணக்கில் ஏறும், வங்கி கண்டுபிடித்தால் கார்டும் இயந்திரமும் இரண்டுமே போகும்.

பழைய கலப்புக் கார்டை என்ன செய்வது? அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, ஏப்ரல் 1 முதல் கடைக்குப் புதிய கார்டைப் பயன்படுத்துவது எளிது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் பாயின்ட்டை எடுத்துவிடுங்கள். நிலுவை எதுவும் இல்லாதபோது எழுத்தில் கேட்டால் 7 வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதில் ஏதாவது இணையச் சந்தா தானாகக் கழிந்துகொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே மாற்றுங்கள்.

குக்கரா இயந்திரமா என்று தெரியாமல் விழித்தவர் போன வருடம் இரண்டு ஸ்டேட்மென்ட்டுகளோடு வந்தார். கடைக் கார்டு ஒழுங்காக இருந்தது. அக்டோபரில் மட்டும் ஒரு வரி, இனிப்புப் பெட்டிகள் முப்பது. "ஆட்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தீபாவளிக்குக் கொடுத்தது" என்றார். வருமான வரிக்கு அது கடைச் செலவுதான். அன்பளிப்பாகக் கொடுத்ததற்கு உள்ளீட்டு வரி கிடையாது என்று சொல்லி எழுதினேன். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது விரல்விட்டு எண்ணினார். இருபத்தாறு வந்தது. சிரித்துக்கொண்டே, "மீதி நாலைப் பற்றில் எழுதிவிடுங்கள் அண்ணா" என்றார்.