மேரி கியூரி ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். "அக்கா, செப்டம்பர்ல மேரி கியூரி போடலாம்னு இருக்கேன். ப்ரபோசலைக் கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா?" ப்ரபோசலைத் திறப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: "போன மூணு வருஷமா எந்த நாட்டுல இருந்தே?"

மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) ஃபெல்லோஷிப், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் திட்டத்தில் ஒரு பகுதி. 2021 முதல் 2027 வரை சுமார் 9,550 கோடி யூரோ செலவிடும் திட்டம் அது. முனைவர் பட்டம் முடித்த எந்த நாட்டவரும் இந்த ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இங்கே பாஸ்போர்ட்டைவிட வசித்த இடம்தான் முக்கியம். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போக விரும்பும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ கூடாது. பெர்லினில் இரண்டு வருஷமாக போஸ்ட்டாக் செய்பவர் மியூனிக்கில் ஒரு நல்ல ஆய்வகத்தைப் பிடித்து, மூன்று மாதம் உழைத்து எழுதியதெல்லாம் இந்த ஒரு வரியில் வீணாகிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு ஓடுவது கடைசி நாளிலிருந்து பின்னோக்கி. வேலையில் சேரும் நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுற்றுலா போய் வந்த நாட்களை இதில் சேர்க்க மாட்டார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 'குளோபல் ஃபெல்லோஷிப்' என்றால் உலகத்தாருக்கெல்லாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தையும் அதன் இணை நாடுகளையும் (ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இந்தத் திட்டத்தில் சேர்ந்த நாடுகள்) சேர்ந்தவர்களோ, அங்கே நீண்டகாலமாக வசிப்பவர்களோ வெளியே போய்த் திரும்புவதற்கானது. சென்னையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு உரியது 'யூரோப்பியன் ஃபெல்லோஷிப்'.

சீனியர்கள் சொன்னதை அப்படியே நம்புவதும் ஆபத்து. 2022-ல் விண்ணப்பித்த அண்ணன், "சுவிட்சர்லாந்தை மறந்துடு" என்று சொன்னது அன்றைக்குச் சரி. 2025 முதல் அந்த நாடும் இணை நாடு. பிரிட்டன் 2024-லேயே திரும்ப வந்துவிட்டது. பட்டம் பெற்ற தேதி, பட்டத்துக்குப் பிறகான ஆய்வு அனுபவம் பற்றிய விதிகளிலும் மாற்றம் வரும். அந்தந்த வருஷத்து ஆவணத்தை உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் ஆகஸ்ட். இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அந்த மாதம் அலுவலகங்கள் பாதி காலி. இந்த விண்ணப்பத்தை இணையத்தில் சமர்ப்பிக்கும் பொறுப்போ உங்களுடையது அல்ல, அங்குள்ள சூப்பர்வைசருடையது. பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென ஓர் உள் கெடு வைத்து, வசந்த காலத்திலேயே ஆள் தேர்வை முடித்துவிடுகின்றன. ஆகஸ்ட் 20-ல் "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு" என்று முதல் மின்னஞ்சல் அனுப்பினால், பதிலாகத் தானியங்கி விடுமுறைச் செய்திதான் வரும். பிப்ரவரி, மார்ச்சில் எழுதுங்கள். அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியோடு எங்கே ஒட்டுகிறது என்று நாலு வரி போதும்.

எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, ப்ரபோசலுக்குத் தரும் பத்துப் பக்கத்தையும் அறிவியலால் நிரப்புவது. மதிப்பீட்டில் ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயலாக்கத்துக்கு 20. பின்னிரண்டும் சேர்ந்து பாதி. ஆனால் பல வரைவுகளில் தாக்கத்துக்கு ஒரு பக்கம்தான் மிஞ்சுகிறது, அதுவும் கடைசி இரவில் எழுதியது. நூற்றுக்கு 90-ஐத் தாண்டியும் நிதி கிடைக்காதவர்கள் இருக்கும் போட்டி இது. 2024-ல் 10,360 ஆக இருந்த விண்ணப்பங்கள் 2025-ல் 17,058 ஆகிவிட்டன. இந்த நெரிசலில் ஒன்றிரண்டு மதிப்பெண்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

தாக்கம் என்ற பகுதியில் மூன்று தனித்தனி விஷயங்களைக் கேட்கிறார்கள்: முடிவுகளைச் சக ஆய்வாளர்களிடம் கொண்டுசேர்ப்பது, பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வது, முடிவுகளைத் தொழிலிலோ கொள்கையிலோ பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. மூன்றையும் ஒரே குழம்பாக்கி "மாநாடுகளில் பேசுவேன், ட்வீட் போடுவேன்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் குறைத்துத்தான் போடுவார். யாரிடம், எப்போது, எந்த வழியில் என்று சொல்ல வேண்டும்.

பாலினப் பரிமாணம் என்ற பகுதியில் சறுக்காதவர்கள் குறைவு. "எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள்" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. ஆய்வுப் பொருளுக்குள் பாலினம் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. ஆண் எலிகளில் மட்டும் மருந்தைச் சோதித்தால் முடிவு பெண்களுக்கும் பொருந்துமா? இப்படி யோசிக்கச் சொல்கிறார்கள். உங்கள் ஆய்வு நட்சத்திரங்களைப் பற்றியது என்றால், பொருந்தாது என்பதைக் காரணத்தோடு இரண்டு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தை மதிப்பீட்டாளர்கள் பார்க்கவே மாட்டார்கள். எழுத்தைச் சுருக்கி, ஓரத்தை நெருக்கிச் சமாளிக்கவும் முடியாது. எழுத்தின் அளவுக்கும் விதி உண்டு.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2025 அழைப்பில் வாழ்க்கைப்படி மாதம் 5,990 யூரோ என்றிருந்ததைப் பார்த்ததும் ரூபாயில் பெருக்கிவிடாதீர்கள். நாட்டுக்கு நாடு ஒரு திருத்தக் கணக்கு உண்டு. அதன்பின் முதலாளி கட்டும் காப்பீட்டுப் பங்கும் உங்கள் வரியும் அதிலிருந்தே போகும். கைக்கு எவ்வளவு வரும் என்று அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்திடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சரி, கிடைக்கவில்லை என்றால்? அதே விண்ணப்பத்தை மறுவருஷம் அதே இடத்துக்கு அனுப்பலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தால் அதே நிறுவனத்தோடு அடுத்த வருஷம் வர முடியாது. 2025 அழைப்பில் அந்த எல்லை 70 சதவீதம். 85 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கி நிதி கிடைக்காதவர்களுக்கு ஒரு தரச்சான்று தருகிறார்கள். அதைக் காட்டினால் நிதி தரும் அமைப்புகள் சில நாடுகளில் உண்டு. போர்ச்சுகல், போலந்து, கிரீஸ் போன்ற நாடுகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு 'ஈரா ஃபெல்லோஷிப்' என்ற இரண்டாவது வாய்ப்பும் இருக்கிறது. தனி விண்ணப்பம் எதுவும் வேண்டாம், படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும். போன வருஷம் என்னிடம் வந்த ஒரு தம்பி போலந்துக்கு விண்ணப்பித்தார், மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.