மிச்சச் சாயத்தோடு விரிசலையும் துடைத்துவிடாதீர்கள்

வெல்டின் மேற்பரப்பு விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனட்ரன்ட் சோதனையில், சிவப்புச் சாயம் அடித்துக் காத்திருக்கும்வரை பெரிதாக எதுவும் கெடுவதில்லை. மேலே நிற்கும் மிச்சச் சாயத்தை எடுக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கெடுகிறது. மேலே இருப்பது போக வேண்டும், விரிசலுக்குள் இறங்கியது அங்கேயே நிற்க வேண்டும்.

பலர் செய்வது, கிளீனர் ஸ்ப்ரேயை நேராக வெல்டு மேல் அடிப்பது. வேலை சீக்கிரம் முடியும், இடமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கிளீனர் விரிசலுக்குள்ளும் போய்ச் சாயத்தைக் கரைத்து எடுத்துவிடும். அப்புறம் டெவலப்பர், அதாவது விரிசலில் உள்ள சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சு, அடித்தால் வெள்ளை வெளேரென்று நிற்கும். குறை இல்லை என்று ரிப்போர்ட் எழுதிவிடுவோம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்க (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பின் செக்‌ஷன் 5 இந்தப் பழக்கத்தை நேரடியாகவே தடை செய்கிறது. முதலில் காய்ந்த துணியால், மடிப்பு மாற்றி மாற்றி, முடிந்தவரை துடையுங்கள். மீதிக்கு மட்டும் துணியில் கிளீனரை லேசாக அடித்து மெல்லத் துடைத்தால் போதும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதுவும் கழுவியதுதான். பனியன் வேஸ்ட் பரவாயில்லை, நூல் பிரியாமல் இருந்தால் சரி. வெல்டு வரிகளில் சிக்கும் சிவப்பு நூல் பிசிறு விரிசல் மாதிரியே ஏமாற்றும்.

தண்ணீரில் கழுவும் வகை என்றால் அழுத்தம் 50 பிஎஸ்ஐ, வெப்பம் 43 டிகிரி செல்சியஸ்: இவற்றைத் தாண்டக் கூடாது. ஒளிரும் சாயமாக இருந்தால் புற ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டே கழுவி, பின்னணி மங்கியதும் நிறுத்துங்கள்.

குறைவாகத் துடைத்தாலும் தொல்லைதான். டெவலப்பர் முழுக்க ரோஸ் நிறமாகி, மெல்லிய கோடுகள் அதில் மறைந்துபோகும். அதன் மேலேயே இன்னொரு முறை துடைத்து ஒப்பேற்றாமல், எல்லாவற்றையும் சுத்தம் செய்து முதலிலிருந்து தொடங்குங்கள். இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் குறைவாகத் துடைக்கும் தவறே எனக்குப் பரவாயில்லை, கண்ணுக்காவது தெரிகிறது. அதிகமாகத் துடைத்தது தெரியவே தெரியாது.

இன்னொன்று, சாயத்தைக் காயவிடுவது. வழக்கமான முறைக்கு மேற்பரப்பு 5 முதல் 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாத வெயிலில் கிடக்கும் தகடு அதைத் தாண்டிவிடும். அதன் மேல் காய்ந்த சாயம் துணிக்கு வராது, கை தானாகவே கிளீனர் டப்பாவைத் தேடிப் போகும்.