கோபோலைத் தொடாமல் மெயின்ஃபிரேமைப் புதுக்குவது: கிற், எம்கியூ, காஃப்கா

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு வங்கிகளினதும் காப்புறுதி நிறுவனங்களினதும் மெயின்ஃபிரேமுக்கு (கணக்குகளை நடத்தும் பெருங்கணினிக்கு) வேலைசெய்யும் குழுக்களிடம் "சிஸ்டத்தை நவீனப்படுத்துங்கோ" என்று சொன்னதும், பேச்சு நேரே கோபோலை, அதாவது அதன் புரோகிராம்கள் எழுதப்பட்ட பழைய மொழியை, ஜாவாவாக மாற்றுவதில் போய் நிற்கும். அதைக் கடைசிக்கு விடுங்கள். பல வருடமாக வட்டியைச் சதம் பிசகாமல் போடுகிற புரோகிராமில் அவசரமாகத் திருத்த ஒன்றும் இல்லை. திருத்தவேண்டியவை இரண்டு: மூலநிரலை வைத்திருக்கும் முறை (இதற்குக் கிற் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி), மற்றச் சிஸ்டங்களோடு அது செய்தி பரிமாறும் முறை (இதற்கு எம்கியூ, காஃப்கா). இவை ஒழுங்கானால் எந்தப் புரோகிராமை மாற்றி எழுதுவது என்பதை ஆறுதலாக முடிவெடுக்கலாம்.

பழகுவதற்கான ஆயத்தம்

வாடிக்கையாளரின் மெயின்ஃபிரேமில் பழகவேண்டாம். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சித் தளத்தில் பதிந்தால் உண்மையான இசட்ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் இயங்குதளம்) ஒன்றில் கணக்குக் கிடைக்கும். மடிக்கணினியில் விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தி, அதனுள் ஸோவி எக்ஸ்ப்ளோரர், கட்டளைகளுக்கு நோட்ஜேஎஸ் வழியாக ஸோவி சிஎல்ஐ. ஸோவி 2018இல் ஓப்பன் மெயின்ஃபிரேம் புரொஜெக்ற் வெளியிட்ட திறந்தமூலக் கருவி. டேற்றாசெற்றை (மெயின்ஃபிரேம் கோப்பை) திறப்பது, ஜொப்பை (அங்கே ஓடவேண்டிய வேலையை) சமர்ப்பிப்பது, அதன் வெளியீட்டைப் படிப்பது எல்லாவற்றையும் பச்சைத்திரை (மெயின்ஃபிரேமின் பழைய எழுத்துத் திரை) இல்லாமலே செய்யலாம். மெயின்ஃபிரேம் பக்கத்தில் இந்தக் கோரிக்கைகளை ஏற்கும் இசட்ஓஎஸ்எம்எஃப் என்ற சேவை ஓடிக்கொண்டிருக்கவேண்டும். வாடிக்கையாளரிடம் முதலில் கேட்கவேண்டிய அனுமதி அதற்குத்தான்.

கரண்ட் போகும் ஊர் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். சமர்ப்பித்த ஜொப் உங்கள் இணைப்பு அறுந்தாலும் அங்கே ஓடி முடியும், பயமில்லை. பச்சைத்திரையில் திருத்திக்கொண்டிருந்த உறுப்பு (டேற்றாசெற்றுக்குள் உள்ள தனிக் கோப்பு) மட்டும் பழைய செஷன் சாகும்வரை பூட்டியே கிடக்கும். ஸோவியில் அந்தப் பூட்டு இல்லை. பதிலாக, சேமிக்கும்போது இடையில் வேறு யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஒப்பிட்டுச் சொல்லும். அந்த எச்சரிக்கையை வாசிக்காமல் மேலெழுதினால் மற்றவரின் வேலை போய்விடும்.

மூலநிரலைக் கிற்றுக்குள் கொண்டுவருதல்

எண்டெவர், சேஞ்ச்மேன் போன்ற பழைய மூலநிரல் நூலகங்களில் ஒரே புரோகிராமுக்கு நாலைந்து பிரதி இருக்கும். புரொடக்‌ஷனில் ஓடும் லோட் மொடியூல் (கம்பைல் செய்த வடிவம்) எந்தப் பிரதியில் இருந்து வந்தது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மீண்டும் கம்பைல் செய்து பைற் பைற்றாக ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது, ஏனென்றால் கம்பைல் செய்த திகதியும் நேரமும் உள்ளே பதிந்திருக்கும். கம்பைலர் பதிப்பையும் தெரிவுகளையும் பழைய லிஸ்ரிங்கோடு ஒத்துப்பாருங்கள். பிறகு ஒரே உள்ளீட்டை இரண்டுக்கும் கொடுத்து வெளியீட்டை ஒப்பிடுங்கள்.

கொண்டுவரும் வரிசை: முதலில் கொப்பிபுக்குகள் (பல புரோகிராம்கள் பகிரும் வரையறைகள்), பிறகு துணைப் புரோகிராம்கள், பிறகு முதன்மைப் புரோகிராம்கள், கடைசியாக ஜேசிஎல் (ஜொப்பை ஓடவிடும் கட்டளைகள்). கிற்றில் எல்லாம் யூடிஎஃப்-8 ஆக இருக்கும், மெயின்ஃபிரேமில் ஈபிசிடிக் 1047 (அதன் சொந்த எழுத்துக் குறியீடு) ஆக இருக்கும். எந்தக் கோப்பை எந்தக் குறியீட்டில் வைப்பது என்பதை ரெப்போவின் கிற்-அற்றிபியூற்ஸ் கோப்பில், முதல் கொமிற்றுக்கு முன்னமே எழுதுங்கள். பிறகு எழுதினால் ஏற்கெனவே உள்ளே போனது தானாகத் திருந்தாது.

பழைய நிரலில் சிலர் பதினறும எண்களை நேரடியாக மேற்கோளுக்குள் தட்டியிருப்பார்கள். 15, 25, 0டி என்ற பைற்றுகள் ஒரு மாறிலிக்குள் கிடந்தால் கிற் அதை வரி முடிவு என்று எடுத்துக்கொள்ளும். திரும்பிப் போகும்போது ஒரு வரி இரண்டாக உடையும். ஐபிஎம்மின் டிபிபி என்ற பில்ட் கருவியோடு வரும் இடமாற்றக் கருவி இவற்றைக் கண்டு சொல்லும். அந்த மாறிலிகளைப் பதினறும வடிவில் வெளிப்படையாக எழுதிவிட்டுத்தான் கொண்டுவரவேண்டும்.

இன்னொன்று பத்திகள். 1 முதல் 6 வரை வரிசை எண், 7 குறிப்பு, நிரல் 8 முதல் 72 வரை, 73 முதல் 80 வரை அடையாளம். விஎஸ் கோட்டில் ராப் விசையை வெற்றிடமாக மாற்றும் அமைப்பைப் போடாவிட்டால் ஒரு ராப் முழு வரியையும் நகர்த்தும். 72ஐத் தாண்டிய முற்றுப்புள்ளியைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. பிழையும் காட்டாமல் ஐஎஃப் கட்டளை அடுத்த வரியையும் தனக்குள் இழுத்துவிடும். இதைத் தேடிப் பிடிக்க அரைநாள் போகும்.

பில்ட்டும் ரெஸ்ற்றும்

டிபிபி செய்யும் பெரிய உதவி, ஒரு கொப்பிபுக் மாறினால் அதை இழுக்கும் எல்லாப் புரோகிராமையும் கண்டு அவற்றை மட்டும் கம்பைல் செய்வது. ஸ்ராற்றிக்காக (அழைப்பதற்குள்ளேயே சேர்த்து) இணைத்த துணைப் புரோகிராம் மாறினால் அதை அழைப்பவற்றை மீண்டும் லிங்க் செய்யவேண்டும். அந்த உறவும் பதிவாகிறதா என்று பாருங்கள். திரும்பும் குறியீடு 4 வரை பில்ட் தொடரலாம், 8 வந்தால் நிற்கவேண்டும். 4ஐக் கண்மூடி விடுவது நல்லதல்ல. சிறிய புலத்துக்குள் பெரியதை நகர்த்துவது போன்ற எச்சரிக்கைகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

கணக்குப் பகுதியை மடிக்கணினியிலேயே குனூகோபோல் என்ற கம்பைலரில், ஐபிஎம் தரநிலைத் தெரிவோடு சோதிக்கலாம். அது லொஜிக்குக்கு மட்டும். வரிசைப்படுத்தலை அதில் நம்பவேண்டாம். மடிக்கணினியின் ஆஸ்கிக் குறியீட்டில் இலக்கம், பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒழுங்கு. ஈபிசிடிக்கில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, கடைசியில்தான் இலக்கம். கணக்கிலக்கத்தில் எழுத்தும் இலக்கமும் கலந்திருந்தால் இரண்டு கோப்புகளை ஒத்துப்பார்க்கும் புரோகிராம் இங்கே ஒரு விடையும் அங்கே இன்னொன்றும் தரும்.

எம்கியூ: ஒரு கியூவை மேசையில் ஓடவிடுதல்

எம்கியூ என்பது செய்திகளைக் கியூவில் (வரிசையில்) வைத்து ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குச் சேர்க்கும் மென்பொருள். ஐபிஎம் அதை 1993இல் எம்கியூசீரிஸ் என்று வெளியிட்டது. பிறகு வெப்ஸ்பியர் எம்கியூ, இப்போது ஐபிஎம் எம்கியூ. டெவலப்பர் பதிப்பு கன்ரெய்னராக இலவசமாகக் கிடைக்கிறது. உரிமத்தை ஏற்பதாகச் சொல்லும் மாறி, கியூ மனேஜரின் (கியூக்களை நடத்தும் சேவையின்) பெயர், ஆப் பயனருக்கான கடவுச்சொல் மூன்றையும் கொடுத்து, 1414, 9443 என்ற இரண்டு போர்ட்டுகளைத் திறந்து ஓடவிடுங்கள். முதலாவதில் புரோகிராம்கள் இணையும், இரண்டாவதில் உலாவியில் நிர்வாகத் திரை வரும். மூன்று மாதிரிக் கியூக்களும் சேர்க்கமுடியாத செய்திகளுக்கான ஒரு டெட் லெற்றர் கியூவும் ஆயத்தமாக இருக்கும்.

முதல் நாளிலேயே எம்கியூ திருப்பித் தரும் சில காரண எண்கள் முகத்தில் அடிக்கும். 2035 என்றால் அனுமதி இல்லை. காரணம் உங்கள் பக்கத்துக்கு வேண்டுமென்றே சொல்லப்படாது. கியூ மனேஜரின் பிழைப் பதிவில் பாருங்கள், மெயின்ஃபிரேமானால் ஐசிஎச்408ஐ என்ற செய்தியைத் தேடுங்கள். 2085 என்றால் அந்தப் பெயரில் பொருள் இல்லை. கியூ பெயரில் பெரிய, சின்ன எழுத்து வேறுவேறு; மேற்கோள் இல்லாமல் சின்ன எழுத்தில் வரையறுத்தால் அது பெரிய எழுத்தாகவே பதியும். 2053, கியூ நிரம்பிவிட்டது. லினக்ஸில் இயல்பான ஆழம் 5000 தான். நொடிக்கு 50 செய்தி வந்து எடுப்பவர் நின்றுபோனால் 100 நொடியில் நிரம்பும். 2033 பிழையே இல்லை, எடுக்க ஒன்றும் இல்லை என்பதுதான். அதற்கு அலாரம் வைத்து இரவெல்லாம் ஆளை எழுப்பவேண்டாம்.

காலாவதி நேரம் நொடியின் பத்தில் ஒன்றாக எண்ணப்படும், காத்திருப்பு நேரம் மில்லிநொடியில். 30 நொடியை நினைத்துக் காலாவதிக்கு 30000 போட்டால் செய்தி 50 நிமிடம் உயிரோடு இருக்கும். செய்தியின் தலைப்பில் உள்ள திகதியும் நேரமும் கிறீனிச் நேரம். இங்கே விடிய 2 மணிக்குப் போட்டது முதல்நாள் இரவு 8:30 என்று தெரியும்.

இரண்டு பக்கத்திலும் ஒரே நிரலை எழுதி ஏமாறும் இடம் சிங்க்பொயின்ற் (பரிவர்த்தனையின் எல்லை). செய்தியைப் போடும்போது அது பரிவர்த்தனைக்குள்ளா வெளியிலா என்று சொல்லாவிட்டால், இசட்ஓஎஸ் உள்ளே என்று எடுக்கும், மற்றத் தளங்கள் வெளியே என்று எடுக்கும். லினக்ஸில் ரெஸ்ட் செய்த நிரல் மெயின்ஃபிரேமில் கொமிற் (இங்கே பரிவர்த்தனையை உறுதிசெய்யும் கட்டளை) வரும்வரை செய்தியை யாருக்கும் காட்டாது. ஒவ்வொரு அழைப்பிலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். செய்தி பேர்சிஸ்ரன்ற்றா (நிலைத்திருக்கவேண்டியதா) என்பதையும் அப்படியே. கியூவின் இயல்பு 'இல்லை' என்பதுதான், கியூ மனேஜர் மீளத் தொடங்கினால் அப்படிப்பட்ட செய்தி போய்விடும்.

கெட்டுப்போன ஒரு செய்தி எடுக்கப்பட்டு, பிழைபட்டு, திரும்பிக் கியூவுக்கே வந்து, மறுபடியும் எடுக்கப்படும். மற்றதெல்லாம் பின்னால் தேங்கும். பாக்அவுட் (இப்படித் திரும்பி வருதல்) வரம்பை 3 என்றும் அதற்கான தனிக் கியூவின் பெயரையும் அமைப்பில் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜாவாவின் ஜேஎம்எஸ் நூலகம் அதைப் பார்த்துத் தானே நகர்த்தும். கோபோல் புரோகிராம் நகர்த்தாது. பாக்அவுட் எண்ணிக்கையை நீங்களே வாசித்து, வரம்பைத் தொட்டதும் அந்தக் கியூவில் போட்டுக் கொமிற் செய்யவேண்டும்.

குறியீடு மாற்றம்

பிழைகளில் பாதி இங்கேதான். ஈபிசிடிக்கில் வெற்றிடம் பதினறும 40, ஆஸ்கியில் அதே 40 என்பது மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழி (@). பெயர்ப் புலத்தின் பின்னால் சுழி வரிசையாக நின்றால் மாற்றம் நடக்கவே இல்லை: எடுக்கும் பக்கம் கொன்வேர்ட் தெரிவைப் போடவில்லை, அல்லது போடும் பக்கம் வடிவத்தைச் சரம் என்று சொல்லவில்லை.

மாற்றக்கூடாததை மாற்றுவது அதைவிட மோசம். ஏழு முழுவிலக்கமும் இரண்டு தசமமும் கொண்ட கோம்ப்-3 (ஒரு பைற்றுக்குள் இரண்டு இலக்கத்தை அடுக்கும் எண் வடிவம்) புலம் ஐந்து பைற். 1234567.89 என்பது 12 34 56 78 9சி என்று இருக்கும். கடைசி அரைப் பைற் சி என்றால் நேர் எண், டி என்றால் மறை எண். முழுச் செய்தியையும் சரம் என்று அனுப்பினால் எம்கியூ அந்த 9சியை ஓர் ஐரோப்பிய எழுத்தாக நினைத்து லற்றின்-1இல் இ6 ஆக்கும். கடைசி 6 குறியே இல்லை. அதை அப்படியே மெயின்ஃபிரேமுக்குத் திருப்பிக் கணக்கில் சேர்த்தால் எஸ்0சி7 அபென்ட், அதாவது எண் செல்லாது என்று புரோகிராம் இடையில் நின்றுவிடும். யூடிஎஃப்-8க்குப் போனால் அந்த ஒரு பைற் இரண்டாகி, பின்னால் உள்ள புலங்கள் எல்லாம் நகரும்.

புதிய செய்திகளுக்கு ஜேசன் என்ற எழுத்து வடிவம் நல்லது. ஐபிஎம்மின் எண்டர்பிரைஸ் கோபோல் கம்பைலரில் 6.1இலிருந்து ஜேசனை உருவாக்கவும் 6.2இலிருந்து வாசிக்கவும் கட்டளை உண்டு. உருவாகும் ஜேசன் யூடிஎஃப்-8இல் இருக்கும், ஆகவே செய்தித் தலைப்பின் குறியீட்டு எண்ணை 1208 என்று நீங்களே எழுதுங்கள். இயல்பாக விட்டால் கியூ மனேஜரின் ஈபிசிடிக் எண் போய், எம்கியூ அதை இன்னொரு முறை மாற்றிக் குப்பையாக்கும்.

தமிழ்ப் பெயர் வரும் சிஸ்டமானால் ரெஸ்ட் தரவை நம் ஊர்ப் பெயர்களிலேயே எழுதுங்கள். 1047இல் தமிழ் இல்லை, அதன் வழியாகப் போனால் எழுத்து திரும்பாது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைற், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. முப்பது பைற் புலத்தில் 'சாவகச்சேரி' சரியாக நிரம்பும். 'யாழ்ப்பாணம்' 33 பைற், கடைசிப் புள்ளி வெட்டுப்பட்டு 'யாழ்ப்பாணம' ஆகும். 39 பைற் வேண்டிய 'பருத்தித்துறை'யில் மிஞ்சுவது 'பருத்தித்த'. 'கொக்குவில்' வேறொரு பிரச்சினை தரும்: 'கொ'வின் உயிர்க்குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும் சில இரண்டாகவும் போடும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் பொருந்தாது. உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்த) வடிவுக்கு மாற்றிவிடுங்கள். கோபோலுக்குள் வைக்க 'N' என்று குறிக்கும் நஷனல் வகைப் புலம் உண்டு: அது யூடிஎஃப்-16, குறியீட்டுக்கு இரண்டு பைற்.

காஃப்காவை எங்கே சேர்ப்பது

கேள்வியும் பதிலுமாகப் போகும் வேலையை எம்கியூவிலேயே விடுங்கள். நடந்த ஒரு நிகழ்வைப் பலர் தங்கள் தங்கள் வேகத்தில் வாசிக்கவேண்டும் என்றால் காஃப்கா (நிகழ்வுகளை வரிசையாகச் சேமித்துத் தரும் தளம்). 2025இல் வந்த அதன் 4.0 பதிப்பில் ஸூகீப்பர் என்ற பழைய ஒருங்கிணைப்புச் சேவை இல்லை. அதோடு தொடங்கும் பழைய பயிற்சிக் குறிப்புகளை விட்டுவிடுங்கள்.

எம்கியூ சோர்ஸ் கொனெக்ரரை (கியூவிலிருந்து காஃப்காவுக்குச் செய்தி கொண்டுபோகும் இணைப்பியை) நேரே ஓடுகிற கியூவில் பூட்டுவதுதான் வழக்கமான விபத்து. அது செய்தியை எடுத்துவிடும். பழைய புரோகிராமுக்குப் பாதி, காஃப்காவுக்குப் பாதி என்று பிரியும். பதிலாக ஸ்ரீமிங் கியூ வையுங்கள், இசட்ஓஎஸ்இல் எம்கியூ 9.3இலிருந்து உண்டு. மூலக் கியூவின் அமைப்பில் இரண்டாவது கியூவின் பெயரை எழுதினால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பிரதி அங்கே விழும். புரோகிராமில் ஒரு வரியும் மாறாது. இயல்பான தரத்தில் பிரதி போடமுடியாவிட்டாலும் மூலச் செய்தி போகும். கட்டாயப் பிரதி என்று வைத்தால் இரண்டாவது கியூ நிரம்பியதும் வங்கியின் வேலையே நிற்கும். தொடக்கத்தில் இயல்பானதே போதும், இரண்டாவது கியூவின் ஆழத்துக்கு மட்டும் அலாரம் வையுங்கள், ஏனென்றால் விடுபடும் பிரதியைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள்.

அளவும் பாருங்கள். எம்கியூ இயல்பாக 4 எம்பி வரை ஏற்கும், 100 எம்பி வரை கூட்டலாம். காஃப்காவின் இயல்பு ஏறத்தாழ 1 எம்பி. காஃப்காவில் செய்திகளின் ஒழுங்கு ஒரு பார்ட்டிஷனுக்குள் (சாவியைப் பொறுத்துப் பிரிக்கும் ஒரு பகுதிக்குள்) மட்டும்தான் காக்கப்படும், ஆகவே கணக்கிலக்கத்தைச் சாவியாக வையுங்கள். இணைப்பு அறுந்து திரும்பும்போது ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம். வாசிக்கும் பக்கம் செய்தி அடையாளத்தைத் தனித்துவச் சாவியாகக் கொண்ட ஓர் அட்டவணையில் முதலில் எழுதி, ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடவேண்டும்.

மாற்றத்தைப் புரொடக்‌ஷனுக்கு ஏற்றும் நேரத்தை இரவுப் பற்ச் (மொத்தமாகச் செய்யும் வேலைகளின்) ஓட்டத்தோடு ஒத்துப்பாருங்கள். லண்டனில் இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஓட்டம் இங்கே மாரியில் விடிய 3:30, அவர்களுடைய கோடையில் 2:30. மார்ச், ஒக்ரோபர் கடைசி ஞாயிறுகளில் அது மாறும், நம் மணிக்கூடு மாறாது. ஸ்ரீமிங் கியூவை அந்த ஓட்டம் முடிந்த பிறகு இயக்குங்கள். திருப்பவேண்டி வந்தால் மூலக் கியூவில் அந்தப் பெயரை வெறுமையாக்கினால் போதும், கொனெக்ரரைப் பிறகு நிறுத்தலாம். கொனெக்ரரை முதலில் நிறுத்தினால் இரண்டாவது கியூ நிரம்பத் தொடங்கிவிடும்.